மிளகுக் குமர்

அக்காவை நினைச்சா எனக்கு முதல் ஞாபகம் வாறது அவவின்ர தும்மல்தான். ஹொல்ஸ்டெப்ரோவில எங்கட வீட்டு வாசல்ல, சித்திரை மாசத்துக் குளிருக்குள்ள, இரவுச் சட்டைக்கு மேல மழைக்கோட்டும் கண்ணுக்கு நீச்சல் கண்ணாடியும் போட்டுக்கொண்டு நிக்கிறா. அவவோட வேலை செய்யிற டேனிஷ் பொம்பிளையள் நாலு பேர் சுத்தி நிண்டு, பை பையா மிளகுத்தூளைத் தலையில கொட்டினம். அக்கா தும்முறா, சிரிக்கிறா, திரும்பவும் தும்முறா. அவவுக்குப் பின்னால, எங்கட கூரைப் பீலியை விட உயரமா, அஞ்சு எண்ணெய்ப் பீப்பாவை ஒண்டுக்கு மேல ஒண்டா ஒட்டி, சிவப்புப் பெயின்ற் அடிச்சு, உச்சியில ஒரு கைபிடியும் வைச்சு, மிளகு அரைக்கிற குடுவை மாதிரி ஒரு சாமான் நிக்குது. அதில வெள்ளையால அக்காவின்ர பேர். பேரில ரெண்டு எழுத்துப் பிழை. அதுக்குக் கீழ, தெருமுனையில நிண்டாலும் தெரியிற மாதிரி, முப்பது எண்ட இலக்கம். இலக்கத்தில மட்டும் பிழை இல்லை.

டென்மார்க்கில, அதுவும் எங்கட மேற்கு ஜூட்லாண்ட் பக்கம், முப்பது வந்தும் கலியாணம் கட்டாத ஆளைச் சும்மா விடமாட்டினம். இருபத்தஞ்சில பிடிச்சுக் கறுவாப்பட்டைத்தூள் கொட்டுவினம். முப்பதில மிளகு. அதோட வாசல்ல பீப்பாக் குடுவை. அந்த ஆளுக்கு ஒரு பேரும் கிடக்கு. ஆம்பிளையெண்டா பேபர்ஸ்வென், பொம்பிளையெண்டா பேபர்மோ. பேபர் எண்டா மிளகு. எழுதேக்க முழுசா எழுதுவினம், வாயால சொல்லேக்க பாதியை விழுங்கிப்போடுவினம். டேனிஷ்காரர் சாப்பாட்டை விடச் சொல்லைத்தான் கூட விழுங்கிறவை. தமிழில சொன்னா மிளகுப் பெடியன், மிளகுக் குமர். இது எங்க இருந்து வந்ததெண்டு அக்காதான் எனக்குச் சொன்னவ. முந்தி ஜேர்மன் வியாபாரிமார் இந்தப் பக்கத்து நகரங்களில கடை போட்டு, மிளகும் சரக்கும் விக்கிறதுக்குப் பெடியளை அனுப்பிறவையாம். கடையில நிக்கிற காலம் அவங்கள் கலியாணம் கட்டக் கூடாதாம். அதால மிளகு விக்கிற பெடியன் எண்டா கட்டாத பெடியன். பேந்து மிளகு போச்சு, கடை போச்சு, கட்டாதவன் எண்ட கருத்து மட்டும் மிஞ்சிப்போச்சு. பொம்பிளையள் ஒருத்தரும் அங்க மிளகு வித்ததாக் கதை இல்லை. எண்டாலும் பேரில மட்டும் அவைக்கும் ஒரு பங்கு குடுத்திட்டினம்.

அக்கா முதியோர் இல்லத்தில வேலை செய்தவ. படிப்பில கெட்டிக்காரி. நான் தொழிற்பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டிட்டு இரும்புப் பட்டறையில சேந்தவன். அவ ஒரு சொல்லைப் பிடிச்சா முருங்கைக்காய் மாதிரி, சக்கையாகிற வரைக்கும் விடமாட்டா. மிளகை அவ பிடிச்சது சின்ன வயசில. பள்ளிக்கூட விளையாட்டு முற்றத்தில ஒருத்தன் என்னைப் பாத்து, "மிளகு முளைக்கிற இடத்துக்குப் போ" எண்டு சொன்னான். டேனிஷில அப்பிடிச் சொன்னா, கண்காணாத தூரத்துக்குத் துலைஞ்சு போ எண்டு அர்த்தம். நான் அழப்போனன். அக்கா வந்து, "நாங்கள் அங்க இருந்துதான் வந்தனாங்கள். வெயில் நல்லா இருக்கும். நீயும் வாவன், கூட்டிக்கொண்டு போறம்" எண்டு சொன்னா. அவன் முழுசினான். அண்டையில இருந்து அது எங்கட ரெண்டு பேருக்கும் வீட்டுப் பகிடியாப் போச்சு. ஊருக்கு விமான ரிக்கற் எடுத்தாலும், "மிளகு முளைக்கிற இடத்துக்குப் போறம்" எண்டுதான் சொல்லுவம்.

அதுக்குப் பிறகு அவ எங்க போனாலும் மிளகைத் தேடுவா. வேலையாக்களோட இத்தாலிக்குச் சுற்றுலா போய், பெப்பரோனி பீட்ஸா எண்டு கேட்டிருக்கிறா. இஞ்ச அது உறைப்புச் சொசேஜ். அங்க வந்தது உறைப்பில்லாத பெரிய கறிமிளகாய். அங்கத்தையான் சொல்லில அது மிளகில இருந்து வந்த பேர்தானாம். இங்கிலீஷ்காரன் மிளகுக்கும் பெப்பர் எண்டுவான், கறிமிளகாய்க்கும் பெப்பர் எண்டுவான். பிரெஞ்சுக்காரன் மிளகைப் புவாவ்ர் எண்டு வாய்க்குள்ளயே கரைச்சுப்போடுவான். சுவீடன்காரன் நத்தார்ப் பண்டிகைக்குச் சுடுற இஞ்சி பிஸ்கட்டுக்குப் பேர் மிளகுக் கேக், ஆனா அதில மிளகைத் தேடினா அனேகமாக் காணேலாது. ஜேர்மன்காரனும் ஒருத்தனைக் கலைக்கிறதெண்டா மிளகு முளைக்கிற இடத்துக்குத்தான் அனுப்புவான். எங்கட பட்டறையில ஒரு போலந்துக்காரர் இருந்தவர். அவற்ற மொழியில மிளகு எண்ட சொல்லில இருந்து ஒரு வினைச்சொல் வருது, அதை அம்மாமாருக்கு முன்னால சொல்லேலாது. அவர் ஒரு நாளைக்கு ஒரு பத்துத்தரம் சொல்லுவார். இதெல்லாத்துக்கும் மூலம் பிப்பலி எண்ட பழைய இந்தியச் சொல்லாம், எங்கட திப்பிலியும் அதுக்குச் சொந்தமாம். "பாத்தியே, இருமலுக்கு அம்மா அவிக்கிற சாமான் கப்பலேறிப் போய் ஒரு இடத்தில பிஸ்கட், ஒரு இடத்தில தூசணம், ஒரு இடத்தில கலியாணமாகாத பொம்பிளை" எண்டு அக்கா சொல்லுவா. "நீ அந்தக் கடைசி" எண்டு நான் சொல்லுவன். சப்பாத்து பறந்து வரும்.

அம்மாவுக்கு அந்தக் கடைசிதான் கவலை. பொம்பிளைப் பிள்ளைக்கு முப்பது எண்டா ஒருத்தரும் கேட்டு வராயினம் எண்டு அவவின்ர எண்ணம். அதால தரகரிட்ட இருபத்தேழு எண்டு சொல்லிப்போட்டா. வெறும் வாயால மட்டும் இல்லை. ஒரு சாத்திரியாரைப் பிடிச்சு, இருபத்தேழுக்கு ஏத்த மாதிரி ஒரு சாதகக் குறிப்பையும் எழுதுவிச்சா. அந்தக் குறிப்புக்குத்தான் எஸ்பியர்க்கில இருந்து மாப்பிள்ளை பொருந்தி வந்தார். பத்துப் பொருத்தத்தில எட்டு. அவர் காத்தாலைகளுக்கு மின்சார வேலை செய்யிறவர், இஞ்ச பிறந்தவர். அக்காவும் அவரும் அஞ்சு மாசமா ரெலிபோனில கதைச்சினம். முதல்ல அக்கா ஏனோதானோ எண்டு கதைச்சா. பேந்து பாத்தா, போன் அடிக்க முதலே கண்ணாடிக்கு முன்னால சீப்பால தலை இழுத்துக்கொண்டு நிப்பா. வீடியோ கூட இல்லை, வெறும் குரல்தான், அதுக்குத் தலை இழுப்பு. நான் கேட்டன், "வயசைச் சொல்லிட்டியே?" எண்டு. அவவின்ர முகம் அப்பிடியே விழுந்துது. "சொல்லோணும் எண்டுதான் ஒவ்வொரு முறையும் எடுக்கிறன். அவர் ஏதாவது பகிடி விடுவார், நான் சிரிச்சுப்போடுவன். சொன்னா அந்தச் சிரிப்பு நிண்டுபோகும் எண்டு பயமாக் கிடக்கடா." அதுக்குப் பிறகு நான் அதில பகிடி விடேல்லை. எனக்கும் சில இடங்களில பிரேக் பிடிக்கும்.

பொம்பிளை பாக்க வாற நாளை அம்மாதான் குறிச்சவ. நல்ல சனிக்கிழமை, நல்ல நேரம், எல்லாம் பாத்தா. ஒண்டை மட்டும் பாக்கேல்லை. எங்கட வீட்டில பிறந்த நாள் நட்சத்திரத்துக்குத்தான். அக்காவின்ர நட்சத்திரம் அந்த வருசம் ஒரு கிழமை முந்தி வந்துது. கோயில்ல அருச்சனை செய்து, பொங்கின புக்கை சாப்பிட்டு, அம்மாவின்ர கணக்கில அந்தப் பிறந்த நாள் முடிஞ்சுது. இங்கிலீஷ் திகதி எண்டு ஒண்டு இருக்கிறதும், அது அந்தச் சனிக்கிழமையிலதான் விழுகுது எண்டதும் அவவுக்கு ஞாபகமே இல்லை. டேனிஷ்காரருக்கு அது ஒண்டுதான் ஞாபகம். அவை ஒவ்வொருத்தரின்ர அடையாள இலக்கமும் பிறந்த திகதியிலதான் தொடங்கும்.

அந்தக் கிழமை பட்டறையில முதலாளி என்னட்ட அஞ்சு பீப்பாவைக் காட்டி, குடுவை ஒண்டு ஒட்டச் சொன்னார். எங்களுக்கு இது வழக்கமான வேலை. "இந்த முறை ஆர் மாட்டுப்பட்டது?" எண்டு கேட்டன். அவர் மேற்கு ஜூட்லாண்ட்காரர், ஒரு வசனத்துக்கு ஒரு கோப்பை கோப்பி குடிக்கிறவர். "ஒரு நல்ல பிள்ளை" எண்டார். "பாவம், ஒருத்தனும் ஏறெடுத்துப் பாக்கேல்லைப் போல" எண்டன். அவர் கோப்பைக்குள்ள சிரிச்சார். "வடிவா ஒட்டு. காத்து இருக்கு" எண்டார். நானும் என்ர கையால, அடியில சீமெந்தும் ஊத்தி, புயலுக்கும் அசையாத மாதிரி ஒட்டிக் குடுத்தன். பெயின்ற் அடிக்கிறதும் பேர் எழுதிறதும் வேற ஆக்களின்ர வேலை.

சனிக்கிழமை விடிய ட்ராக்டர் சத்தம் கேட்டு, நகரசபைக் கொம்யூன்காரர் தெருக் கிண்டுகினம் எண்டு அம்மா யன்னல் சீலையை விலக்கினா. பேந்து "ஐயோ" எண்டா. நான் ஓடிப்போய்ப் பாத்தா, என்ர குடுவை எங்கட வாசல்ல நிக்குது, என்ர முதலாளி ட்ராக்டரில இருந்து எனக்குக் கை காட்டுறார். அக்காவின்ர வேலையாக்கள் பாட்டுப் படிச்சு, மிளகு கொட்டி, மூண்டு தரம் ஹுரா சொல்லி முடிச்சினம். வந்த ஆக்களை வாசலோட அனுப்பிற வழக்கம் அம்மாவிட்ட இல்லை. அவையையும் உள்ளுக்குக் கூப்பிட்டா. மாப்பிள்ளை வீட்டுக்கெண்டு பொரிச்சு வைச்ச றோல்ஸில பாதியை டேனிஷ்காரர் "அருமை, அருமை" எண்டு சாப்பிட்டிட்டுப் போட்டினம்.

கதவு சாத்தினதும் அம்மா என்னைப் பிடிச்சா.

"ஆர் இந்த அறுவானைக் கட்டினது?"

"நான்தான். ஆனா ஆருக்கெண்டு தெரியாது."

"நீதானே ஒட்டினனி, நீயே கழட்டு!"

"அம்மா, அடியில சீமெந்து. நான் கழட்டி முடிக்கேக்க அக்காவுக்கு முப்பத்தொண்டு வந்திடும்."

"அப்ப மூடு!"

அலுமாரி திறந்துது. கூறைச்சீலை தவிர மிச்சம் எல்லாச் சீலையும் வெளிய வந்துது. நான் ஏணியில ஏறி, மேல இருந்து சுத்திக்கொண்டு வந்தன். பச்சைப் பட்டு, மேல மஞ்சள் கரை, இடையில ஒரு சுருக்கு. உண்மையா வடிவாத்தான் இருந்துது. "அம்மா, இவவைக் காட்டினாலும் சம்மதிப்பினம். நல்ல உயரம்" எண்டன். அம்மா கீழ நிண்டு ஏணியைப் பிடிச்சுக்கொண்டு அழுதா. பகிடி விட்ட வாயை நான் மூடினன்.

அப்பதான் அக்கா தலை முழுகி, சீலை கட்டி, வெளிய வந்தா. கொஞ்ச நேரம் குடுவையைப் பாத்தா.

"கழட்டடா."

"எதை? குடுவையையோ, சீலையையோ?"

"சீலையை."

"பிள்ளை, உனக்கென்ன விசரோ?" எண்டா அம்மா. "வயசை ஊருக்குக் காட்டுறதோ?"

"ஊருக்கில்லை அம்மா. அவருக்கு. அஞ்சு மாசமா எனக்கு வாய் வரேல்லை. இண்டைக்கு என்ர வேலையாக்கள் எழுதியே வைச்சிட்டினம். அதை மூடிப்போட்டு நான் உள்ளுக்கிருந்து தேத்தண்ணி குடுக்க மாட்டன்."

"வேண்டாமெண்டு போட்டினமெண்டா?"

"போகட்டும்" எண்டு சொன்னா. சொல்லேக்க குரல் உடைஞ்சுது. அந்த மனுசன் போறதை அவ விரும்பேல்லை எண்டு தெருவில போன நாய்க்கும் விளங்கியிருக்கும். எண்டாலும் அவ கையை நீட்டிக்கொண்டுதான் நிண்டா, நான் ஒவ்வொரு சீலையா அவிழ்த்துக் குடுத்தன்.

கார் வந்து நிண்டுது. மாப்பிள்ளை இறங்கினதும் மேல பாத்தார், சிரிக்க வாய் திறந்தார், இலக்கத்தைக் கண்டிட்டு வாயை மூடினார். இஞ்ச பிறந்தவருக்கு விளக்கம் தேவையில்லை. அவற்ற அம்மா, இப்ப நாங்கள் மாமி எண்டு கூப்பிடுறவ, மீன் தொழிற்சாலையில கனகாலமா நிக்கிறவ, மற்றப் பக்கத்தால இறங்கி, சீலையைச் சரி செய்துபோட்டு, அண்ணாந்து பாத்தா.

"உதென்ன பிள்ளை, மழைத்தண்ணி பிடிக்கிற தாங்கியோ?"

என்ர அம்மா தலையாட்ட வெளிக்கிட்டா. அக்கா முந்திட்டா.

"இல்லை மாமி. மிளகுக் குடுவை. முப்பது வயசாகியும் கலியாணம் கட்டேல்லை எண்டா இஞ்சத்தையாக்கள் கொண்டுவந்து வைப்பினம்."

"ஆருக்கு முப்பது?"

"எனக்கு. இண்டைக்குத்தான்."

"இருபத்தேழெண்டெல்லோ சொன்னவை?"

"அது பொய், மாமி. குறிப்பும் பொய்."

மாமி திரும்பவும் அண்ணாந்து அந்த இலக்கத்தைப் பாத்தா. பேந்து கேட்டா, "அப்ப நாங்கள் பாத்த பொருத்தம் ஆருக்குப் பாத்தது?" அந்த எட்டுப் பொருத்தக்காரி எங்கட வீட்டில பிறக்கவே இல்லை எண்டு சொல்ல எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துது. விழுங்கிப்போட்டன், டேனிஷ்காரர் மாதிரி.

உள்ளுக்கு மிச்ச றோல்ஸும் தேத்தண்ணியும் ஆறிக்கொண்டு கிடந்தது. மாப்பிள்ளை டேனிஷில அக்காவிட்ட, "ஏன் என்னட்டச் சொல்லேல்லை?" எண்டு கேட்டார். அக்கா எல்லாருக்கும் கேக்கட்டும் எண்டு தமிழில சொன்னா. "முதல் நாளே சொல்லியிருக்கோணும். சொல்லேல்லை. நீங்கள் கதைக்கிறதை நிப்பாட்டிப் போடுவீங்களெண்டு பயம்." அவர் தலையைக் குனிஞ்சுகொண்டு எழும்பி வெளிய போட்டார். நானும் பின்னால போனன். குடுவையில கையை வைச்சுக்கொண்டு நிண்டார். "நான்தான் ஒட்டினனான்" எண்டன். அவர் ஒட்டின இடத்தை விரலால தடவிப் பாத்தார். "நல்ல வேலை" எண்டார்.

நாங்கள் உள்ளுக்கு வரேக்க முன்னறையில அம்மா தனிய இருந்தா. மாமி அக்காவைக் கூட்டிக்கொண்டு குசினிக்குள்ள போய்க் கதவைச் சாத்தியிருந்தா. தண்ணிக்குழாய் திறந்து மூடின சத்தம் மட்டும் கேட்டுது. வெளிய வரேக்க ரெண்டு பேருக்கும் கண் சிவந்திருந்துது. மாமி என்ர அம்மாவிட்ட, "இனிக் குறிப்பொண்டும் வேண்டாம். பிள்ளையள் தாங்களே கதைச்சு முடிவெடுக்கட்டும்" எண்டு சொல்லிப்போட்டுக் காரில ஏறிட்டா. குசினிக்குள்ள என்ன நடந்ததெண்டு நான் அக்காவைத் துளைச்செடுத்தன். "அது மாமியின்ர கதை. என்ர வாயால வராது" எண்டு சொல்லிப்போட்டா.

மூண்டு கிழமை மாப்பிள்ளை போன் எடுக்கேல்லை. அக்கா வழமை போல வேலைக்குப் போனா, வந்தா. தலை இழுக்கேல்லை. நான் கிழவி எண்டு கூப்பிட்டுப் பாத்தன், சப்பாத்துக் கூட வரேல்லை. நாலாங்கிழமை அவர் தனிய ரெயினில வந்து கதவைத் தட்டினார். கதிரையில இருக்கிறதுக்கு முந்தி, "எனக்கு முப்பத்திரண்டு" எண்டார். "அது தெரியும் தம்பி" எண்டா அம்மா. "தெரியும். எண்டாலும் நான் என்ர வாயால சொல்லோணும்" எண்டார். அக்கா குசினி வாசல்ல நிண்டு சிரிச்சா. அந்தச் சிரிப்பு நிண்டுபோகேல்லை.

இப்ப அக்கா கலியாணம் கட்டி எஸ்பியர்க்கில, அத்தானோடயும் மாமியோடயும். ரெண்டு வீட்டுக்கும் இடையில ரெயின் ஓடுது, எண்டாலும் சண்டை பிடிக்க ஆளில்லாத வீட்டில எனக்கு வாய் உளையுது. இடைக்கிடை மெசேஜ் வரும். "இங்கிலீஷில பெப் எண்டா உசார். அதுவும் பெப்பரில இருந்துதான் வந்ததாம்." "நாங்கள் மிளகாய் எண்டிறம், இவை மிளகுப் பழம் எண்டினம். ரெண்டு பக்கமும் புதுச் சாமானைக் கண்டு ஒரே மாதிரித்தான் முழுசியிருக்கினம்." நான் சிரிக்கிற முகம் ஒண்டை அனுப்புவன். அம்மாவும் இப்ப மாறிட்டா. எனக்குப் பொம்பிளை தேடுறா, தரகரிட்ட எல்லாத்தையும் உள்ளபடி சொல்லுறா. படிப்புப் பாதி, வாய் முழுசு, சம்பளம் பரவாயில்லை. அந்தத் தரகர் திரும்ப வரேல்லை.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மாமிக்கு அறுபத்தஞ்சாவது பிறந்த நாள் எண்டு எஸ்பியர்க்கில ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டினம். சனமெல்லாம் விரல் மடிச்சுக் கணக்குப் பாத்துது. "அறுபத்திரண்டெல்லோ? இவை ஏன் மூண்டு வருசம் முந்திக் கொண்டாடினம்?" எண்டு ஒரே குசுகுசுப்பு. கேக் வெட்ட முதல் மாமி மைக்கை வாங்கினா. ஒரு கையில மைக், மற்றக் கையில அக்காவின்ர கை.

"எனக்கு அறுபத்தஞ்சுதான். கலியாணம் பேசேக்க எங்கட ஐயா மூண்டு வயசைக் குறைச்சுச் சொன்னவர். என்ர மனுசன் அதை நம்பி, என்னை இஞ்ச கூப்பிடுற பேப்பரெல்லாம் அப்பிடியே நிரப்பிப்போட்டார். வந்திறங்கேக்க அதுதான் என்ர பிறந்த திகதி. அவர் கண் மூடுற வரைக்கும் நான் சொல்லேல்லை. பிறந்த நாள் கேக் ஒவ்வொண்டும் எனக்குத் தொண்டைக்குள்ள நிக்கும். அண்டைக்கு இந்தப் பிள்ளை வாசல்ல நிண்டு, 'எனக்கு' எண்டு சொன்னாள். இவளை ஏசவெண்டுதான் குசினிக்குள்ள கூட்டிக்கொண்டு போனனான். வாய் திறந்தா என்ர கதைதான் வந்துது."

என்ர அத்தான் தாயைப் பாத்துக்கொண்டு நிண்டார், அவருக்கும் அண்டைக்குத்தான் தெரியும். பின் வரிசையில இருந்து ஒரு பெரியவர், "அப்ப பென்சன்?" எண்டு கேட்டார். எங்கட ஆக்கள் எந்தச் சோகத்துக்குள்ளயும் கணக்குப் பாப்பினம். மாமி சிரிச்சா. "கொம்யூனில கேட்டனான். பிறப்புப் பதிவு வேணுமாம். அது சண்டைக்குள்ள எங்கட ஊர்ப் பதிவுக் கந்தோரோட எரிஞ்சு போச்சு. நான் மூண்டு வருசம் கூட மீன் வெட்டத்தான் வேணும்."

நான் அண்டைக்கு அக்கா வீட்டு சோபாவில படுத்திட்டன். திங்கள் விடிய, விளக்குப் போட்ட சத்தத்தில எழும்பிப் பாத்தா, மாமி வேலைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிக்கிறா. அக்கா கார்த் திறப்பைத் தேடிக்கொண்டு நிக்கிறா. எனக்கு வாய் சும்மா கிடக்கேல்லை.

"என்ன மாமி, அறுபத்தஞ்சு வயசிலயும் வேலையோ?"

"சட்டப்படி அறுபத்திரண்டடா தம்பி" எண்டா மாமி. "காலை மடக்கு, போக வழி விடு."